சீனிக்கரிசல்காரர்களின் இடது சுட்டுவிரல்

தேர்தல் முடிந்த பதினோராம் நாள் காலையில், சீனிக்கரிசலில் ஓட்டுப் போட்டிருந்த ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேருடைய இடதுகைச் சுட்டுவிரலும், வைத்த மை நகக்கண்ணில் இன்னும் கறுத்துக் கிடக்க, தானாக நிமிர்ந்து வடக்கே பார்த்து நின்றுகொண்டது. அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாள். எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை விட்டுவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் ஊரில் யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. அதனால் மீதி விரல்களால் குடத்தைத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றி, அண்டா குண்டா எல்லாம் நிறைந்த பிறகுதான் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். கிழக்கே திரும்பி நின்றால் விரல் இடப்பக்கம் சாய்ந்தது, தெற்கே திரும்பினால் கையைத் தோளுக்கு மேலே இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் காட்டியது, கட்டிலில் படுத்தால் போர்வையைத் தூக்கிக்கொண்டு வடக்கே நின்றது. வலி ஒன்றும் இல்லை. மடக்கினால் மடங்காது, அவ்வளவுதான்.

நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். விரல் வைக்கிற மிஷினை வடக்குச் சுவரோரம் திருப்பிப் போட்டுவிட்டு அன்றைக்கும் பத்து மணிக்குக் கடையைத் திறந்தேன். ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால் இப்படித்தான் எடுத்துக்கொண்டது: மிஷினைத் திருப்பிப் போட்டோம், கிளட்ச் பிடிக்க மூன்று விரல் போதும் என்று கண்டுகொண்டோம், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர் எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க நிறுத்தினார். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை மட்டும் மாமனார் தன்னை நோக்கி விரல் நீட்டிப் பேசுகிறார் என்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அவர் வடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தப்பு.

விரல் ஏன் நின்றது என்பதைவிட, மை ஏன் அந்தக் காகிதத்தில் பட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முத்துப்பேச்சியைச் சொல்ல வேண்டும், முத்துப்பேச்சியைச் சொன்னால் சாலையைச் சொல்லாமல் முடியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லியில் யாரோ ஒருவர் படத்தின் மேல் அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எங்கள் ஊரின் நடுவயிற்றில் விழுந்து நாற்கரச் சாலையாக ஆகிவிட்டது. வீடுகளில் பாதியும் கோயிலும் மேற்கே நின்றன. மீதி வீடுகளும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என் ரேஷன் கடையும் கிழக்கே போயின. நடுவில் இடுப்பளவுக்குக் கான்கிரீட் தடுப்பு. முறையாகத் தாண்ட வேண்டுமென்றால் மூன்று கிலோமீட்டர் தெற்கே போய், அங்கே இருக்கிற பாலத்தடியில் நுழைந்து, மூன்று கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். முறையில்லாமல் தாண்ட வேண்டுமென்றால் ஓட வேண்டும். ஓடினவர்களில் ஏழு பேர் போய்ச் சேரவில்லை. அதில் ஒருவர் முத்துப்பேச்சியின் அப்பா ராமசுப்பு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கக் கிழக்கே தாண்டினார், தாண்டி முடிக்கவில்லை.

முத்துப்பேச்சிக்கு மேற்குப் பக்கம் இட்லிக்கடை. அவள் கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், சுடலைமுத்துவின் பஞ்சர் கடை. இவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, அவனுக்கு முப்பது. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பார்த்து, ஒரு லாரி மறைத்த சிரிப்பின் மீதியை அடுத்த லாரி போன பிறகு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் காதலித்தார்கள். சத்தம் போட்டால் கேட்காது என்பதால் கைபாஷைதான். வலது கையில் நாலு விரல் என்றால் நாலு இட்லி. உள்ளங்கையைக் கவிழ்த்தால் சட்னி தீர்ந்தது. இடது சுட்டுவிரலைத் தூக்கினால் பொறு என்று அர்த்தம். இட்லிப் பொட்டலம் மினிபஸ்ஸில் ஏறி ஆறு கிலோமீட்டர் சுற்றி அவன் கைக்கு வந்து சேரும். அதனால் சுடலைமுத்து தினமும் ஆறிப்போன இட்லியைத்தான் தின்றான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அவனை யாராவது கேலி செய்தால், “ஆறினாலும் அவ கை இட்லிதானவே” என்று வாயை அடைத்துவிடுவான்.

ஆனால் அவள் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. கல்யாணம் முடிந்து தினமும் இந்தச் சாலையைத் தாண்டிக் கடைக்குப் போகப்போகிற ஒரு மனுஷனுக்காக வாசலில் நின்று, ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது, அதை என் அம்மா பட்டது போதும் என்று சொல்லிவிட்டாள். சாலைக்கு அடியில் ஒரு பாதை வரட்டும், வந்த அன்றைக்கே கல்யாணம். அவன் சரி என்றான். வருஷா வருஷம் அப்பா செத்த தேதியில் அவள் டெல்லிக்கு ஒரு மனு எழுதினாள், ஊரே கையெழுத்துப் போட்டது. ஆறு மாதம் கழித்து, குறுக்குப்பாதை இயக்ககம் என்கிற ஓர் அலுவலகத்திலிருந்து, தங்கள் மனு உரிய பரிசீலனையில் உள்ளது என்று ஒரே ஒரு வரி வரும். பதினோரு மனு, பதினோரு வரி. அவளுக்கு முப்பத்தேழு வயதாகிவிட்டது.

இளவட்டங்களுக்குப் பொறுமை போய்விட்டது. இட்லிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஊர் டெல்லியை எதிர்த்து நிற்க முடியுமா, ஒரு மாநிலமே எழுந்தால் என்ன ஆகும், எழுந்த மாநிலத்துக்குப் பெட்ரோல் யார் கொடுப்பார்கள் என்று தினமும் பேசுவார்கள். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஞானதுரை, “பேசிக்கிட்டேதாம்ல இருப்பீங்க. ரெண்டு கடப்பாரை போதும், ஒரே சாயங்காலத்துல தடுப்ப ஒடச்சிரலாம். வாறது வரட்டும்” என்பார்.

முத்துப்பேச்சி சாம்பார் வாளியை ‘ணங்’கென்று வைப்பாள். “டெல்லிய எதுக்குறது கெடக்கட்டும் அண்ணாச்சி. தடுப்ப ஒடச்சா ஓடுறதுக்கு வசதியா இருக்கும், அவ்வளவுதான். எனக்கு ஓடுற பாதை வேண்டாம், நடக்குற பாதை வேணும்.”

கடப்பாரை என்னவோ அவள் கடை பெஞ்சுக்கு அடியில்தான் கிடந்தது. பதினோரு வருஷமாகக் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தேர்தலின்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. “நம்ம கையெழுத்தத்தான் அவுகளுக்குத் தெரியமாட்டேங்கு. அவுக வச்ச மையையே அவுக தெரியாதும்பாகளா?” என்றாள். எங்களுக்கு அது அபாரமான சட்ட நுணுக்கமாகப் பட்டது. சர்க்காரே ஆள் வைத்து, சர்க்கார் புட்டியிலிருந்து எடுத்து, சர்க்கார் குச்சியால் தடவிய மை. அதை இல்லையென்று சர்க்கார் எப்படிச் சொல்லும்? இப்படி ஒரு தப்புக் கணக்கை எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் போட முடியும். வாக்குச்சாவடி எல்லைக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, பன்னிரண்டாவது மனுவை விரித்து வைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுப் போட்டவர்கள் மை காய்வதற்குள் ஓடிவந்து விரலை ஒற்றினார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி ஓடிவந்தோம். பஞ்சாயத்துத் தலைவி பூரணம் இரண்டு தடவை ஒற்றப் பார்த்தாள், முத்துப்பேச்சி விடவில்லை. கடைசியில் மனு முழுக்க ஊதாப் புள்ளிகள், காகிதத்துக்கு அம்மை வார்த்தது போல. பதிவுத் தபாலில் அனுப்பினோம். அது டெல்லியில் கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்ட நாளும் எங்கள் விரல்கள் எழுந்து நின்ற நாளும் ஒன்று என்பது, ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விரல் டெல்லியைக் காட்டவில்லை, மனுவைக் காட்டியது. மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனால் விரல் ஒரு நெல்லளவு நகர்ந்தது. மாடி ஏறினால் நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. மேலே வேறு காகிதக் கட்டுகளை அடுக்கினால் முதல் கணுவில் ஒரு பாரம் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஊர் முழுக்க விரலைச் சுட்டது. பால் கறந்துகொண்டிருந்தவள் பால் செம்பைக் கீழே போட்டாள், வகுப்பில் டீச்சர் கரும்பலகையை விட்டுவிட்டு விரலை வாயில் வைத்தாள். யாரோ மனுவின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம். டெல்லிக்காரர்கள் டீயை எவ்வளவு சூடாகக் குடிக்கிறார்கள் என்று அன்றைக்கு முழுவதும் அதே பேச்சு. வேறு எந்த ஊருக்கும் தங்கள் மனு எங்கே இருக்கிறது என்று தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் விரலைப் பார்த்து, “இன்னைக்கு அசையல”, “இன்னைக்கு லேசா மேற்க போயிருக்கு” என்று சொல்லிக்கொள்வது எங்களுக்கு மழை விசாரிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

சுடலைமுத்துவுக்கும் முத்துப்பேச்சிக்கும்தான் சங்கடம். அவர்கள் பாஷையில் இடது சுட்டுவிரல் என்றால் பொறு. காலை முதல் இருட்டுகிற வரைக்கும் இந்தப் பக்கமிருந்து அவளும் அந்தப் பக்கமிருந்து அவனும் பொறு பொறு என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள்.

நாலாவது மாதம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, ஊர் மொத்தமும் டெல்லியை நோக்கி விரல் நீட்டி நிற்கிற போட்டோவைப் போட்டுவிட்டார். டெல்லியில் அதைப் பார்த்தவர்கள் விரல் நீட்டினதை மட்டும்தான் பார்த்தார்கள். இது குடிமக்கள் அரசை எதிர்க்கிற செயலா, இன்றைக்கு ஓர் ஊர் என்றால் நாளைக்கு ஒரு மாவட்டமா, அப்புறம் மாநிலமா என்று அங்கே கூட்டம் போட்டுப் பேசி, விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் கிளம்பின அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக விரல் கிழக்கும் மேற்குமாகத் தத்தளித்தது, தொடப்பட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கையில் ஒரு ரயில் அதிர்வு வந்தது. “மனு வருதுடே!” என்று பூரணம் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

அதிகாரியின் பெயர் குலசேகரன். வேலூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருஷமாக டெல்லியில் இருந்ததில் தமிழை இஸ்திரி போட்டுப் பேசினார். ஜீப்பிலிருந்து மனுக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கியதும் ஊரின் அத்தனை விரலும் அவர்மேல் திரும்பியது. அவர் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார், விரல்கள் நடந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி ஊரைப் பார்த்தார், விரல்கள் மேலே ஏறின. மனுஷர் நாலு நிமிஷத்தில் வேர்த்துப்போனார். மனுக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனபோது விரல்கள் மேஜையிலேயே நின்றதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பூரணம் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மனுவின் முதல் பக்கத்தில், ஊதாப் புள்ளிகளின் மேல், டீ கிளாஸ் வைத்த வட்டம் பழுப்பாக இருந்தது.

“செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு வச்சிருக்காக” என்றாள். குலசேகரனின் காது சிவந்துவிட்டது.

அவரிடம் ஒரு படிவம் இருந்தது. ஏழாவது கேள்வி: நடுவண் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யும் எண்ணம் உண்டா, இல்லையா? இதை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதில் எழுத வேண்டும். கிழக்கில் கொஞ்சம் பேர், மேற்கில் கொஞ்சம் பேர் என்று மாறி மாறிக் கேட்டார். சனங்களும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். “இல்ல சார், சாப்ட்டீங்களா?” என்றார்கள். ஞானதுரை மட்டும், “எண்ணம் உண்டு சார், நேரம்தான் இல்ல” என்று சொல்ல, அவர் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து, இல்லை என்றே எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சியின் முறை. அவர் கிழக்கே இருந்தார், அவள் மேற்கே கடையில் இருந்தாள். இரண்டு நாளாக ஆறு ஆறு கிலோமீட்டராகச் சுற்றிச் சுற்றி ஜீப்பில் இடுப்பு விட்டுப்போயிருந்தது அவருக்கு. எதிரில் இட்லி ஆவி தெரிகிறது. இருபது எட்டு வைத்தால் போய்விடலாம். படித்த மனுஷர், அதிகாரி, சட்டம் தெரிந்தவர், மனுக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். எங்கள் ஊருக்கு வருகிற எல்லாருக்கும் மூன்றாம் நாள் அந்தப் புத்தி வரும்.

தடுப்பு வரைக்கும் வந்துவிட்டார். அதன்மேல் ஏறி நின்றபோதுதான் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரிகள் ஒரு பக்கம், பஸ்கள் ஒரு பக்கம். ஒவ்வொன்று போகும்போதும் அவர் சட்டை உடம்பைவிட்டுப் பறந்தது. இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. முத்துப்பேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு முன்னால் நின்றது குலசேகரன் இல்லை, பருத்திக்கொட்டை வாங்கப் போன அப்பா.

அவள் கடையைவிட்டு இறங்கிச் சாலையோரம் வந்து நின்றாள். அந்தப் பக்கம் சுடலைமுத்து வந்து நின்றான். அவர்களைப் பார்த்து மேற்கிலும் கிழக்கிலும் ஊர் வந்து நின்றது. யாரும் சத்தம் போடவில்லை, கல்லெடுக்கவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று விரல்கள் இரண்டு பக்கமிருந்தும் தடுப்பின்மேல் நின்ற ஒரே ஒரு மனுஷனைக் காட்டின. தூரத்தில் வந்த லாரிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். இத்தனை பேர் விரல் நீட்டி ஒன்றைக் காட்டும்போது பார்க்காமல் போகிற டிரைவர் பிறந்திருக்க முடியாது. முதல் லாரி நின்றது, அதன் பின்னால் அடுத்தது, அப்புறம் எதிர்ப்பக்கம். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சாலை சும்மா இருந்தது. கிழக்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது மேற்கே கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

முத்துப்பேச்சி நடந்து போனாள். ஓடவில்லை. அந்தப் பக்கமிருந்து சுடலைமுத்து நடந்து வந்தான். ஆளுக்கு ஒரு கை கொடுத்து அவரை இறக்கித் தடுப்பின்மேல் உட்காரவைத்தார்கள்.

அவருக்கு மூச்சு வர நேரமாயிற்று. “அம்மா, உங்களிடம் ஏழாவது கேள்வி கேட்கவில்லை” என்றார்.

“கேளுங்க சார்.”

“கிளர்ச்சி செய்யும் எண்ணம்...” என்று ஆரம்பித்தவர், நின்றுபோன லாரிகளைப் பார்த்தார்.

“எங்க கடை பெஞ்சுக்கு அடியில கடப்பாரை கெடக்கு சார். பதினோரு வருஷமாக் கெடக்கு. எடுக்கல. டெல்லி நம்ம டெல்லிதானன்னு எடுக்கல. அதுக்கு என்ன பேரோ, அத எழுதிக்கோங்க” என்றாள்.

குலசேகரன் தடுப்பின்மேல் உட்கார்ந்தபடியே கட்டைப் பிரித்தார். டீ வட்டத்துக்குப் பக்கத்தில், சுரங்கப்பாதை உடனடியாக அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேனா காகிதத்தைவிட்டு எடுபட்ட அந்த நொடியில் எங்கள் விரல்கள் இளகின. எனக்குத் தெரிந்தது, என் பக்கத்தில் நின்ற பூரணத்துக்குத் தெரிந்தது. நாலு மாதம் நின்ற விரல் சும்மா மடங்குகிறது. இரண்டு பக்கமும் கைகள் தாழ ஆரம்பித்தன. ஒருவர் காதைச் சொறிந்துகொண்டார்.

முத்துப்பேச்சி தன் விரலைப் பார்த்தாள், ஒரு தரம் மடக்கினாள். பிறகு சுடலைமுத்துவைப் பார்த்து, பழைய பாஷையில், அந்த விரலை மெல்லத் தூக்கினாள். பொறு.

“எழுத்துத்தான் வந்திருக்கு. பாதை வரல” என்றாள். அவ்வளவு மெல்லத்தான் சொன்னாள். சாலை சும்மா இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. தாழ்ந்த கைகள் அத்தனையும் ஒவ்வொன்றாக எழுந்து, இந்தத் தடவை தாங்களாகவே, மனுக் கட்டைக் காட்டி நின்றன.

குலசேகரன் தலை நிமிர்ந்து இதையெல்லாம் பார்த்தார். காதைச் சொறிந்தவர் அவசரமாகக் கையைத் தூக்கியதையும் பார்த்தார். “நான் பார்த்ததைத்தான் எழுத வேண்டும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏழாவது கேள்விக்கு நேரே எழுதினார்: விரல்கள் நீட்டியே உள்ளன. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அப்புறம் பதினான்கு மாதம். அதிசயம் செய்த நாலு மாதத்தைவிட நாங்கள் செய்த பதினான்கு மாதம் கஷ்டமாக இருந்தது. மனு எங்கே இருக்கிறதென்று இப்போது விரலுக்குத் தெரியாது, குத்துமதிப்பாக வடக்கே காட்டினோம். குச்சி ஐஸ் குச்சியை வைத்துத் துணியால் கட்டிக்கொண்டோம். தூங்கிவிட்டவன் விரலைப் பக்கத்தில் படுத்தவள் நிமிர்த்திவிட்டாள். மாதம் ஒரு தடவை டெல்லியிலிருந்து யாராவது வந்து பார்ப்பார்கள், விரல் நிற்கும். ஆள் போன பிறகும் யாரும் மடக்கவில்லை. முதலில் பயத்தில், பிறகு பழக்கத்தில், கடைசியில் பிடித்துப்போய். இளவட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்து மாநிலம் எழுவதைப் பற்றிப் பேசுவது நின்றுவிட்டது. கை வலிக்கிறவனுக்குப் பேச்சு எங்கே வரும்?

பதினைந்தாம் மாதம் சாலைக்கு அடியில் பாதை திறந்தது. பத்தடி அகலம், உள்ளே சுண்ணாம்பு வாசனை. அன்றைக்கே, அதற்குள்ளேயே, கல்யாணம். மேற்கிலிருந்து முத்துப்பேச்சி நடந்து வந்தாள், கிழக்கிலிருந்து சுடலைமுத்து நடந்து வந்தான். அதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள்: காலையில் ஒரு தட்டு இட்லியை அடுப்பிலிருந்து எடுத்து, மூடி, நேரே நடந்து போய் அவன் கையில் கொடுத்திருந்தாள். அவன் வாயைச் சுட்டுக்கொண்டான். சுட்ட நாக்கோடுதான் மணவறையில் உட்கார்ந்திருந்தான்.

குலசேகரன் டெல்லியிலிருந்து சொந்தச் செலவில் வந்து ஓரமாக நின்றார். ஊர் மொத்தமும் உள்ளே நெருக்கிக்கொண்டு, இடது சுட்டுவிரலைத் தூக்கியபடி நின்றது. தாலி ஏறுகிறவரை இறக்கக் கூடாதென்பது பூரணத்தின் உத்தரவு. சுடலைமுத்து முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவது வரவில்லை. பதினான்கு மாதம் குச்சி வைத்துக் கட்டிய விரல் நூலை வளைக்க மறுத்தது. நழுவியது, எடுத்தான், மறுபடி நழுவியது. தலைக்கு மேலே லாரிகள் கடகடவென்று போய்க்கொண்டிருந்தன. மேளக்காரர் எத்தனை நேரம்தான் கெட்டிமேளம் கொட்டுவார்? அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது. சாலையோரத்துப் பழைய பழக்கத்தில், அவசரமாக, தலையைத் திருப்பி வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தான்.

குனிந்திருந்த முத்துப்பேச்சி நிமிராமலே சொன்னாள்: “மெல்லக் கட்டுங்க. லாரி ஒண்ணும் வரல.”